வீடும் மனையும்: அப்பலாச்சிய மலைநாட்டைப் பற்றிய இரு நூல்கள் – ஓர் இறையியல் திறனாய்வு

ஏசாயா தீர்க்கதரிசன நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் அடுக்கிச் சொல்லப்படும் ஐயோக்களுள் முதலாவது, வீட்டையும் வயலையும் பற்றியது. பிறருக்குக் கால் வைக்கவும் இடமின்றி வீடுகளையும் நிலங்களையும் தமதாக்கிக்கொண்டே போகிறவர்களைத் தீர்க்கதரிசி ஒரே மூச்சில் கண்டிக்கிறார். வீடு வேறு, நிலம் வேறு என்று அவர் பிரித்துப் பேசவில்லை. நாமோ அவற்றைப் பிரித்துவிட்டோம். ஏழைக்கு வீடு கட்டித் தருவது தர்ம ஊழியம். நிலம் யாருடையது என்று கேட்பது அரசியல் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இப்பிரிவினை திருச்சபையின் சாட்சியை எவ்வாறு முடமாக்குகிறது என்பதை ஆராய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைநாட்டில் தோன்றிய இரு நூல்களை இக்கட்டுரையில் ஒப்பிட்டு நோக்குவோம். ஒன்று, 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று அப்பகுதியின் உரோமன் கத்தோலிக்கப் பேராயர்கள் 25 பேர் கையொப்பமிட்டு வெளியிட்ட 'இந்நிலமே எனக்கு இல்லம்' என்னும் மேய்ப்புப்பணி நிருபம். மற்றொன்று, 1983-இல் கென்டக்கிப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'அப்பலாச்சியா யாருடையது?' என்னும் நிலவுடைமை ஆய்வு.

1. மலைநாடும் அதன் வீடுகளும்

நூல்களுக்குள் புகுமுன் அவை பேசும் நிலத்தைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் லெச்சர் என்றொரு கவுண்டி உண்டு. (கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவு, பத்திரப் பதிவேடும் வரிப் பதிவேடும் அதன் தலைநகரில் வைக்கப்பட்டிருக்கும்.) 1940-இல் அங்கு 40,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தொகை ஏறத்தாழ 21,500. நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்ததும், பின்னர்ச் சுரங்கங்களே மூடப்பட்டதும் மக்களை வெளியூர்களுக்குத் துரத்தின.

மக்கள் பாதியாகக் குறைந்த இடத்தில் வீடுகள் மிஞ்சிக் கிடக்க வேண்டும். மனைகள் மலிவாகக் கிடைக்க வேண்டும். ஆனால் நல்ல வீடு கிடைப்பது அரிதாயிருப்பதே அம்மலைநாட்டு ஏழைகளின் நெடுநாளைய துயரம். இம்முரண்பாட்டுக்கு விடை கண்டால் மற்றவை விளங்கும்.

முதலாவது, அம்மலைகள் செங்குத்தானவை. பள்ளத்தாக்குகள் மிகக் குறுகியவை. சமநிலம் ஓடைக்கரையை ஒட்டியே கிடைக்கும். இரண்டாவது, சரிவுகளும் மேட்டுநிலங்களும் நெடுங்காலமாகக் கம்பெனிகளின் கையில் இருந்துவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த முகவர்கள், மலைவாழ் விவசாயிகளிடம் 'பிராட் ஃபார்ம்' என்னும் வகைப் பத்திரங்களில் கையொப்பமோ கைந்நாட்டோ வாங்கினர். மேல்நிலம் விவசாயிக்கே, அடிநிலத்துக் கனிமம் கம்பெனிக்கு. அதை எடுப்பதற்குத் தேவையான எதையும் மேல்நிலத்தில் செய்துகொள்ளவும் கம்பெனிக்கு அப்பத்திரம் உரிமை தந்தது. பின்னாளில் மலையின் மேற்பரப்பையே வாரியெடுக்கும் இயந்திரங்கள் வந்தபோது, அவற்றையும் அப்பழைய பத்திரம் அனுமதிப்பதாகக் கென்டக்கி நீதிமன்றங்கள் தீர்த்தன. தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவு சரிந்து வருவதைத் தடுக்கவும் வீட்டுக்காரனுக்கு உரிமையில்லாமற்போயிற்று. 1988-இல் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட வாக்காளர் ஆதரவுடன் மாநில அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 1993-இல் மாநில உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதிசெய்த பின்னரே இவ்வழக்குக்கு முடிவு ஏற்பட்டது.

மூன்றாவது, வீடுகளின் வரலாறு. லெச்சர் கவுண்டியிலுள்ள ஜென்கின்ஸ் போன்ற ஊர்கள் கம்பெனியால் கட்டப்பட்டவை. வீடும் கடையும் கம்பெனியுடையவை. வேலை போனால் வீடும் போகும்; சங்கத்தில் சேர்ந்தாலும் போகும். பின்னாளில் அவ்வீடுகள் குடியிருந்தோருக்கே விற்கப்பட்டன. நான்காவது, வீடு கட்ட வகையற்றோர் தொழிற்சாலையில் செய்யப்பட்டு லாரியில் இழுத்துவரப்படும் டிரெய்லர் வீடுகளை வாங்கலாயினர். மனையுரிமையோடு சேராத டிரெய்லர் பெரும்பாலும் வண்டியைப்போலவே பதிவு செய்யப்படும். வண்டியைப்போலவே ஆண்டுதோறும் விலை குறையும். ஐந்தாவது, உயில் எழுதாமல் இறந்த பாட்டனாரின் நிலம் பங்கு பிரிக்கப்படாமல் பல வாரிசுகளுக்குப் பொதுவாய் நிற்கும். தெளிவான உரிமைப் பத்திரம் இல்லையாதலால் வங்கி கடன் தராது. வெள்ளம் வந்தால் அரசு நிவாரணம் பெறுவதும் கடினம்.

ஆகவே அங்கு வீட்டுப் பஞ்சம் என்பது மனைப் பஞ்சமே. 'வீட்டுமனை' என்று நம் மொழி வழங்கும் சொல் இவ்வுண்மையை நன்கு உணர்த்துகிறது. மனையில்லாமல் வீடு நிற்பதெங்கே?

2. மேய்ப்பரின் நிருபம்

1975-ஆம் ஆண்டு நிருபம் பல வகையிலும் பாராட்டத்தக்கது. பேராயர்களின் சுற்றறிக்கைகளுக்கு வழக்கமான உரைநடையில் அது எழுதப்படவில்லை. கவிதையைப்போல் வரி வரியாக, உரக்க வாசிப்பதற்கேற்ப அமைந்துள்ளது. மலைமக்கள் பேசக் கேட்டபின் எழுதப்பட்டதென்பது அதன் தொனியிலேயே தெரிகிறது. எகிப்தில் கூக்குரலைக் கேட்ட தேவன் இம்மலைகளின் கூக்குரலையும் கேட்கிறார் என்பது அதன் அடித்தளம். வறுமைக்குக் காரணம் மலைமக்களின் சோம்பலன்று, அவர்களுடைய அதிகாரமின்மையே என்று அது துணிந்து சொல்லுகிறது. வரம்பற்ற இலாப நாட்டத்தை ஒரு விக்கிரகமாகவே அது காண்கிறது. மலைமக்களைக் கேலிப்பொருளாக்கிச் சிரித்த ஒரு தேசத்தில் இவ்வாறு எழுதுவதற்கு மனத்திடம் வேண்டும்.

ஆயினும் திறனாய்வு செய்வோர் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. நிருபத்தின் தலைப்பிலேயே நிலமும் இல்லமும் இணைந்து நிற்கின்றன. ஆனால் அவ்விணைப்பு உணர்வின் இணைப்பேயன்றி உரிமையின் இணைப்பன்று. இந்நிலமே எனக்கு இல்லம் என்று பாடுகிறவனுடைய பெயர் அந்நிலத்தின் பத்திரத்தில் உண்டா? எந்தக் கவுண்டியில் எவர் எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறார், அதற்கு என்ன வரி கட்டுகிறார் என்ற கணக்கு நிருபத்தில் இல்லை. கணக்கு இல்லாதபோது, கண்டனம் ஒரு பொதுவான 'அமைப்பு' மீது விழுகிறது. அமைப்புக்கு முகமில்லை, அது மனந்திரும்பவும் மாட்டாது. எலியாவோ அமைப்பைக் கண்டிக்கவில்லை. திராட்சத்தோட்டத்துக்கே இறங்கிச் சென்று, அதைச் சுதந்தரித்துக்கொள்ள வந்து நின்ற ஆகாபை நேருக்கு நேர் சந்தித்தான் (1 இராஜாக்கள் 21). எந்தத் தோட்டம், யாருடைய சுதந்தரம், எவ்விதம் கைமாறியது என்பன எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தன.

நாபோத்தின் கதையில் நாம் எளிதில் கடந்துபோகும் ஒன்றுண்டு. அத்தோட்டம் வன்முறையால் மட்டும் பறிக்கப்படவில்லை. நிருபங்கள் எழுதப்பட்டன, முத்திரை போடப்பட்டது, மூப்பர்கள் கூடினர், சாட்சிகள் நிறுத்தப்பட்டனர். சட்டத்தின் உருவத்தோடு அநியாயம் நடந்தது. கென்டக்கி மலைகளிலும் நிலம் கைமாறியது பத்திரத்தினாலேயே. ஆதலால் பத்திரத்தைப் படிக்கத் தெரியாத தீர்க்கதரிசனம் அம்மலைகளில் பாதித் தீர்க்கதரிசனமே.

3. பதிவேட்டின் சாட்சி

அப்பத்திரங்களைப் படிக்கும் பணியைச் செய்தவர்கள் பேராயர்கள் அல்லர். 1977 ஏப்ரலில் கென்டக்கிக்கும் மேற்கு வெர்ஜீனியாவுக்கும் எல்லையாக ஓடும் டக் ஃபோர்க் ஆறு பெருக்கெடுத்து, மிங்கோ முதலிய கவுண்டிகளில் ஆயிரக்கணக்கானோரின் வீடுகளை அழித்தது. அரசு தற்காலிக டிரெய்லர்களைக் கொண்டுவந்தது. ஆனால் வெள்ளம் எட்டாத மேட்டில் வீடு கட்ட நிலம் கேட்டபோது, அது கம்பெனிகளின் நிலமாக இருந்தது. சுற்றிலும் மலை மலையாக நிலம். வீட்டுக்கு ஒரு துண்டு இல்லை. இவ்வனுபவமே, இந்த மலைகள் யாருடையவை என்ற கேள்வியை எழுப்பிற்று.

அக்கேள்விக்கு விடைகாணப் பல்கலைக்கழகத்தாரும் உள்ளூர் மக்களுமாக ஒரு குழுவினர் ஆறு மாநிலங்களிலுள்ள 80 கவுண்டிகளின் வரிப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினர். 1981-இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை வந்தது. அதன் சாரமே 1983-ஆம் ஆண்டு நூல். அவர்கள் ஆராய்ந்த மேல்நிலத்தில் 72 விழுக்காடும் கனிம உரிமையில் 80 விழுக்காடும் வெளியூர் உரிமையாளருடையவை. உள்ளூர் மக்களில் ஒரு விழுக்காட்டினரும், வெளியூர் உரிமையாளரும், கம்பெனிகளும், அரசுத் துறைகளுமாகச் சேர்ந்து அந்த 80 கவுண்டிகளின் மொத்த நிலப்பரப்பில் 53 விழுக்காட்டையேனும் வைத்திருந்தனர். கனிம உரிமையாளருள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் ஏக்கருக்கு 25 சென்ட்டுக்கும் குறைவாகவே ஆண்டு வரி செலுத்தினர். உள்ளூர்ப் பள்ளிக்கும் சாலைக்கும் குடிநீருக்கும் நிலவரியே ஆதாரம் என்பதை நினைத்தால், இவ்வெண்ணின் பொருள் விளங்கும்.

நடையழகு அற்ற நூல் இது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. ஆயினும் இறையியல் மாணவர் அதைப் பொறுமையோடு வாசிக்க வேண்டும். இவ்விரு நூல்களையும் நான் வகுப்பில் அறிமுகப்படுத்தியபோது ஒரு மாணவர், "ஐயா, இவற்றில் எது பிரசங்கத்துக்கு உதவும்?" என்று கேட்டார். நான் தயங்காமல் நிருபத்தைக் காட்டினேன். அது அவசரத்தில் கொடுத்த விடை என்று இப்போது எண்ணுகிறேன். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, பணத்தை நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னான் (எரேமியா 32). அப்பத்திரப் பதிவே அன்றைக்கு அவனுடைய பிரசங்கமாயிருந்தது. அவ்வாறே அந்த 80 கவுண்டிகளின் பதிவறைகளில் குனிந்து உட்கார்ந்து எண்களைப் படியெடுத்தவர்களும் ஒரு தீர்க்கதரிசனப் பணியையே செய்தார்கள் என்று கூறுவது மிகையாகாது.

எனினும் இந்நூலுக்கும் ஒரு குறை உண்டு. பதிவேடு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அதன் பார்வையும் தொடங்குகிறது. செரோக்கி, ஷானி முதலான பழங்குடிகள் அம்மலைகளைப் பத்திரமின்றியே தம் இல்லமாகக் கொண்டிருந்தார்கள். 1838-இல் செரோக்கி மக்கள் தென் அப்பலாச்சிய நிலங்களிலிருந்து படைபலத்தால் மேற்கே துரத்தப்பட்டு, வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டனர். முதற் பறிப்பின்மீதே இரண்டாம் பறிப்பு நிகழ்ந்தது. வெள்ளையரான குடியேறிகள் தங்களைக் கானானுக்குள் பிரவேசித்த இஸ்ரவேலாக எண்ணிக்கொண்டதை மறந்து, அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நாபோத்தாக மட்டும் நாம் சித்தரித்தால், நம் வேதவாசிப்பு அரைகுறையாகிவிடும். நிலம் கர்த்தருடையது, மனிதர் அதில் பரதேசிகள் என்னும் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின் போதனை, இழந்தவனுக்கு ஆறுதலாகும் முன்னே அனைவருக்கும் எச்சரிக்கையாகும்.

4. கூரைப் பணி

புரொட்டஸ்டண்டு சபைகளாகிய நாம் கத்தோலிக்க நிருபத்தைக் குறைகூறி நிறுத்திக்கொள்ளலாகாது. அம்மலைநாட்டில் நம்மவர் செய்த பணியில் பேர்பெற்றது, வீடு செப்பனிடும் பணி. மெதடிஸ்டு போதகர் டெக்ஸ் எவன்ஸ் 1969-இல் ஐம்பது தொண்டர்களோடு கென்டக்கியிலுள்ள பார்பர்வில் என்னும் ஊரில் நான்கு வீடுகளைப் பழுதுபார்த்துத் தொடங்கிய 'அப்பலாச்சியா சர்வீஸ் புராஜெக்ட்', பின்னர்க் கோடைதோறும் ஆயிரக்கணக்கான இளைஞரைக் கூட்டிவரும் இயக்கமாக வளர்ந்தது. மழை ஒழுகும் கூரையின்கீழ் குழந்தையோடு படுத்திருப்பவளுக்கு அக்கூரையைச் சரிசெய்து தருவது சுவிசேஷமே, அதில் ஐயமில்லை.

ஆனால் ஒழுகும் கூரை ஏன் ஒழுகுகிறது, வீடு ஏன் ஓடைக்கரையில் நிற்கிறது என்ற கேள்விகள் ஏணியின்மேல் நிற்பவனுக்கு எளிதில் தோன்றுவதில்லை. கூரை போட்டு முடித்த மாலையில் ஜெபமும் பாட்டும் உண்டு. மறுநாள் கவுண்டிப் பதிவறைக்குப் போவதில்லை. 1972 பிப்ரவரி 26-ஆம் நாள் மேற்கு வெர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவுநீரைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் மாண்டனர்; 4,000 பேர் வீடிழந்தனர். அணைக்கு உரிய கம்பெனியின் தரப்பு அதனைத் தெய்வச் செயல் என்று வருணித்தது. கர்த்தருடைய நாமம் இப்படி வீணிலே வழங்கப்பட்ட வேளையில், அதை மறுத்துரைக்கும் கடமை முதலாவது சபைக்கன்றோ உண்டு? எது தெய்வச் செயல், எது மனிதர் செயல் என்று பகுத்துக் காட்டுவது இறையியலாரின் வேலை.

அன்றிருந்த அபாயம் இன்னும் தீரவில்லை. 2022 ஜூலை இறுதியில் கிழக்குக் கென்டக்கியில் வெள்ளம் மீண்டும் ஓடைக்கரை வீடுகளை வாரிச்சென்றது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மாநில அரசும் உள்ளூர் வீட்டுவசதி அமைப்புகளும் நாட், பெரி, லெச்சர் முதலிய கவுண்டிகளில் மேட்டுநிலங்களைத் தேடிக் குடியிருப்புகள் அமைக்கலாயின. அம்மேடுகளுட் பல, நிலக்கரிக்காக முன்பு வெட்டிச் சமமாக்கப்பட்டவை. சில தானமாகவும் கிடைத்தன. இது நற்செயலே, நன்றியோடு ஏற்கத்தக்கது. ஆயினும், 1977-இல் கிட்டாத மேட்டுநிலம் 2022-க்குப் பின் கிட்டியதேன் என்று கேட்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மலை வெட்டப்பட்டு, கரி எடுக்கப்பட்டுவிட்டது. அறுவடைக்கு முன்னமே வயலின் ஓரத்தை ஏழைக்கென விட்டுவைக்கச் சொல்லுகிறது மோசேயின் நியாயப்பிரமாணம். இங்கோ அறுவடை முழுதும் முடிந்து, வயலே தலைகீழான பின்னரே ஏழைக்கு இடம் கிடைத்தது.

5. நிலத்தைப் பொதுவில் வைத்தல்

கண்டனத்தோடு நின்றுவிடாமல் மாற்றுவழி கண்டவர்களும் உண்டு. அவர்கள் வழியின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. 1951 ஏப்ரல் 18-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கத்தில், தானம் பெற்ற ஏழைகள் பலர் கடனால் நிலத்தை மீண்டும் இழந்தனர். அவ்வனுபவத்தினின்று, நிலத்தைக் கிராமமே பொதுவில் வைத்துக்கொள்ளும் கிராமதானம் வலுப்பெற்றது. அமெரிக்கச் சமாதான இயக்கத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்வான் முதலியோர் இதனைக் கற்று, 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர்களான ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் ஆகியோருடன் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்னும் முதல் சமுதாய நில அறக்கட்டளையை அமைத்தனர். இதன்படி, நிலம் அறக்கட்டளையுடையது, அதை விற்கக்கூடாது. வீடு குடும்பத்துடையது, நெடுங்காலக் குத்தகையில் மனையைப் பயன்படுத்தலாம். வீட்டை விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு. அதனால் அடுத்த ஏழைக் குடும்பமும் அதை வாங்க இயலும்.

இம்முறை 1970-களின் பிற்பகுதியில் அப்பலாச்சியாவிலும் வேரூன்றியது. டென்னசியின் கிளியர் ஃபோர்க் பள்ளத்தாக்கில் நிலத்தின் பெரும்பகுதி ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. 1967-இல் அங்கு வந்து குடியேறிய முன்னாள் கன்னியர் மரீ சிரில்லோ, உள்ளூர் மக்களோடு சேர்ந்து 'உட்லாண்ட் சமுதாய நில அறக்கட்டளை'யைக் கட்டியெழுப்பினார். யூபிலியின் உட்பொருளை இத்தகைய ஏற்பாட்டில் காணலாம். நிலம் நிரந்தர விற்பனைக்குரியதன்று, விற்கப்படுவது பயன்பாட்டு உரிமையே என்பதன்றோ லேவியராகமத்தின் கணக்கு?

எனினும் இதை மிகைப்படுத்திப் போற்றலாகாது. கம்பெனி விற்க மறுக்கும் நிலத்தை அறக்கட்டளை வாங்க இயலாது. ஜார்ஜியாவின் முதல் அறக்கட்டளையே வறட்சியாலும், அரசுக் கடனில் இழைக்கப்பட்ட இனப்பாகுபாட்டாலும் நலிந்து, 1985-இல் தன் ஏறத்தாழ 5,700 ஏக்கரையும் இழந்தது. பாகுபாட்டுக்கான இழப்பீடு 2009-இல்தான் தீர்ப்பாயிற்று. நில அறக்கட்டளை தேவராஜ்யமன்று. ஆனால் வீட்டையும் நிலத்தையும் மறுபடியும் ஒன்றாய்ச் சேர்த்துச் சிந்திக்க அது நமக்குக் கற்பிக்கிறது.

6. முடிவுரை

பேராயர்கள் 1995-இல் இரண்டாம் நிருபம் ஒன்றை வெளியிட்டனர். 2015-இல் 'அப்பலாச்சியக் கத்தோலிக்கக் குழு', மக்களின் சொந்தக் கதைகளைக் கேட்டு மூன்றாவதொன்றை மக்களின் நிருபமாகவே வெளியிட்டது. கேட்கும் செவி அச்சபையில் மழுங்கவில்லை என்பதற்கு இவை சான்று. ஆயினும் 1975-ஆம் ஆண்டு நிருபத்தையும் 1983-ஆம் ஆண்டு ஆய்வையும் ஒரே மேசைமேல் வைத்து வாசிக்கும்போதுதான் இரண்டும் நிறைவு பெறுகின்றன. நிருபம் மட்டும் இருந்தால் அழுகை உண்டு, விசாரணை இல்லை. ஆய்வு மட்டும் இருந்தால் விசாரணை உண்டு, நியாயாதிபதி யாரென்று தெரியாது. ஏசாயாவிடம் இரண்டும் இருந்தன.

போதக ஊழியத்தில் நான் எத்தனையோ புதுவீடுகளுக்குச் சென்று பிரதிஷ்டை ஜெபம் செய்திருக்கிறேன். கதவுக்கும் சுவருக்கும் கூரைக்கும் ஆசீர்வாதம் கேட்டிருக்கிறேன். இந்த மனை யாருடையது, இதற்குப் பட்டா உண்டா, நாளை இவர்களை எழுப்பிவிட எவருக்கேனும் அதிகாரம் உண்டா என்று ஒருமுறையும் கேட்டதில்லை. இந்த இரு நூல்களும் என்னைக் குற்றப்படுத்தியது இவ்விடத்தில்தான். உக்கிராணத்துவத்தைக் காணிக்கைப் பையோடு நிறுத்திவிட்ட போதகன் நான். ஊழியத்துக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் இத்தவற்றைத் தொடரலாகாது. சபையின் வீடு சந்திக்கும் நோட்டில், குடும்பத்தாரின் பெயர்களுக்கு அருகே அவர்கள் குடியிருக்கும் மனை யாருக்குரியதென்றும் எழுதிக்கொள்ளட்டும். அந்த மாணவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்பாரானால், இரண்டு நூல்களையும் அவர் கையில் கொடுத்து, அட்டவணையிலிருந்து வாசிக்கத் தொடங்கச் சொல்லுவேன்.